வளையாத கரண்டி

இருபத்திரண்டு நிமிடங்கள்!

ஒளி வெள்ளம் பாய்ந்து நிற்கும் மேடை. மேடையிலே ஒரு தட்டு. தட்டிலே கரண்டிகள், சாவிகள், மூடியிட்ட சிறு உலோகக் குப்பிகள். தட்டின் முன்னே ஓர் இளைஞர்; இருபத்தாறு வயதினர்; கூர்ந்த விழியும் குழைந்த பேச்சும் கொண்டவர். அவர் பார்த்தால் கரண்டி வளையும், தடவினால் சாவி நெளியும், ஒட்டிய உறைக்குள் இருக்கும் ஓவியம் அவர் உள்ளத்திலே தெரியும் என்று நாடு நகரமெல்லாம் பேச்சு! அன்று பார்க்கிறார், கரண்டி கரண்டியாகவே இருக்கிறது. தடவுகிறார், சாவி சாவியாகவே கிடக்கிறது. குப்பிகளின் மீது கையை ஓடவிடுகிறார். எது வெறுங்குப்பி, எது நிறைகுப்பி என்று கூற இயலவில்லை. இன்று வலிமை கூடிவரவில்லை என்கிறார். எதிரே, மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர் அவரை ஏசவில்லை, இடித்துரைக்கவில்லை. இன்னும் சற்று முயலுங்கள் என்பதுபோலப் பொறுமையோடு காத்திருக்கிறார். அந்தப் பொறுமையைவிடக் கொடிய தண்டனை அந்த மேடையிலே வேறில்லை!

1973ஆம் ஆண்டு ஆகஸ்ட் திங்கள் முதல் நாள் அமெரிக்கத் தொலைக்காட்சியிலே நடந்த நிகழ்ச்சி இது. இளைஞர் பெயர் யூரி கெல்லர், இஸ்ரேல் நாட்டவர். மேசைக்குப் பின்னால் இருந்தவர் ஜானி கார்சன். பேராசிரியரா? ஆய்வுக்கூட அறிஞரா? இல்லை, தோழர்களே! இரவுச் செய்தி முடிந்த பிறகு, பதினொன்றரை மணிக்குமேல், நாட்டு மக்களைச் சிரிக்க வைத்துத் தூங்க அனுப்புவதைத் தொழிலாகக் கொண்ட நகைச்சுவைக்காரர்!

அண்மையிலே தோழர் ஒருவர் என்னைக் கடிந்துகொண்டார். "படிக்க வேண்டிய நூல்கள் அடுக்கிக் கிடக்கின்றன, ஆற்றவேண்டிய பணிகள் காத்துக் கிடக்கின்றன, நீயோ கைப்பேசியைக் கையிலே வைத்துக்கொண்டு, எங்கோ எவரோ நள்ளிரவிலே அடித்த நகைச்சுவைத் துணுக்குகளைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறாயே! இதனால் யாருக்கு என்ன பயன்?" என்றார். கேள்வி நியாயமானதுதான். சிரித்ததனால் மட்டும் எந்தக் கோட்டை சரிந்தது? ஆயினும், அன்று நான் பார்த்துக்கொண்டிருந்தது கெல்லரின் அந்த இருபத்திரண்டு நிமிடங்களை. ஆகவே, தோழருக்கு விடை கூறுமுன் அந்த மேடையின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தேன்.

என்.பி.சி. என்னும் ஒளிபரப்பு நிறுவனம் 1954 செப்டம்பர் 27 அன்று நாடு தழுவிய முறையிலே அந்த நிகழ்ச்சியைத் தொடங்கியது. 'டுநைட்' என்பது பெயர். 'இன்றிரவு' என்று பொருள். முதல் தலைவர் ஸ்டீவ் ஆலன். ஒரு மேசை, ஒரு நாற்காலி, விருந்தினர் அமர ஓர் இருக்கை, இசைக் குழு, இடையிடையே குறு நாடகம். எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் உலகெங்கும் இரவுச் சிரிப்பு நிகழ்ச்சிகள் அந்த அமைப்பைவிட்டு அதிகம் நகரவில்லை. பெயர்தான் இரவு நிகழ்ச்சி. பிற்காலத்திலே மாலையிலேயே பதிவு செய்து வைத்துக்கொண்டு இரவிலே ஒளிபரப்பினர். நள்ளிரவுப் பூசைக்கு மாலையிலேயே பொங்கல் வடித்துவிடுவதுபோல!

ஆலனுக்குப்பின் ஜாக் பார். 1960 பிப்ரவரியிலே அவர் ஒரு கதை சொன்னார். சுவிட்சர்லாந்திலே குடியிருக்க வீடு பார்த்துவிட்டுத் திரும்பிய ஆங்கிலப் பெண்மணிக்கு, அந்த வீட்டருகே கழிப்பறை உண்டா என்ற ஐயம். நாகரிகம் கருதி முழுச்சொல்லை எழுதாமல், டபிள்யூ, சி என்ற இரண்டு எழுத்துகளை மட்டும் குறித்துப் பள்ளி ஆசிரியருக்குக் கடிதம் விடுக்கிறார். அவருக்கு விளங்கவில்லை, ஊர்ப் பாதிரியாரைக் கேட்கிறார். வழியோரச் சிற்றாலயத்துக்கும் ஆங்கிலத்திலே முதலெழுத்துகள் அவையே! ஆகவே விடை இவ்வாறு போகிறது: அது வீட்டிலிருந்து ஒன்பது கல் தொலைவில், அழகிய பைன் மரத் தோப்புக்கு நடுவே இருக்கிறது, ஞாயிறும் வியாழனும் மட்டுமே திறக்கும், பெருங்கூட்டம் வரும், முன்னதாகச் சென்றால் இடம் கிடைக்கும்...

ஆலயத்தையும் கழிப்பறையையும் ஒரே கதைக்குள் அடைத்துவிட்டார்! நிறுவனத்தார் நடுங்கினர். பாருக்குச் சொல்லாமலே கதையை வெட்டி எறிந்துவிட்டுச் செய்தித் துணுக்கைப் போட்டு இடத்தை நிரப்பினர். மறுநாள், பிப்ரவரி 11 அன்று, பார் மேடையேறினார், நடந்ததைச் சொன்னார், இதைவிட நல்ல பிழைப்பு இருக்கவேண்டும் என்று கூறிவிட்டு நிகழ்ச்சியின் நடுவிலேயே வெளியே நடந்துவிட்டார். ஏறத்தாழ ஒரு திங்கள் சென்ற பிறகே, நிறுவனம் வருந்திய பிறகே, மேடைக்குத் திரும்பினார். இந்த வெட்டு நினைவிலிருக்கட்டும். இதே நிறுவனம், இதே மேடை. இருபத்தாறு ஆண்டுகள் கழித்து நாம் மீண்டும் அங்கே வரவேண்டியிருக்கிறது.

1962 அக்டோபர் முதல் நாள் நாற்காலி கார்சனுக்கு வந்தது. 1992 மே 22 வரை, முப்பது ஆண்டுகள், அதை அவர் விடவில்லை. அவர் புரட்சிக்காரரல்லர், எந்தக் கட்சியின் கொடியையும் பிடித்தவரல்லர், அரசியல் மேடையாக என் நிகழ்ச்சியை மாற்றமாட்டேன் என்பதிலே பிடிவாதம் கொண்டவர். ஆனால் நெப்ராஸ்கா மாநிலத்துச் சிற்றூரிலே சிறுவனாக இருந்தபோதே செப்படி வித்தை நூலொன்று அவர் கையிலே சிக்கியது. அஞ்சல் வழியே வித்தைச் சாமான்களைத் தருவித்துப் பழகி, பதினான்கு வயதிலே 'மாபெரும் கார்சோனி' என்று பெயர் சூட்டிக்கொண்டு மேடையேறியவர் அவர். சீட்டு எங்கே மறைகிறது, நாணயம் எந்தக் கையிலே தங்குகிறது என்பதை விரல்களாலே அறிந்தவர்.

அந்த அறிவு அவருடைய குறு நாடகம் ஒன்றிலே பளிச்சிட்டது. பெரிய தலைப்பாகையும் நீண்ட அங்கியும் பூண்டு 'கார்னாக்' என்ற கீழ்த்திசை ஞானியாக வருவார். வரும்போதே கால் இடறி மேசைமேல் விழுவார். ஒட்டிய உறையை நெற்றியிலே வைத்து முதலிலே விடையைக் கூறுவார். பிறகு உறையைக் கிழித்து, ஊதித் திறந்து, உள்ளே இருக்கும் கேள்வியைப் படிப்பார். கேள்வி எக்கச்சக்கமாக இருக்கும், அரங்கம் குலுங்கும். கீழ்த்திசை என்றாலே மந்திரம், தலைப்பாகை என்றாலே ஞானக்கண் என்ற மேனாட்டாரின் சோம்பேறிக் கற்பனையை அவரும் விடவில்லையே என்று எனக்கு வருத்தமுண்டு. எனினும் அந்த நாடகம் எதைக் கேலி செய்தது என்பதைக் கவனியுங்கள்.

ஆவியோடு பேசுவதாகக் கூறிப் பணம் பறித்தோர் நெடுங்காலம் கையாண்ட வித்தை அது. கூட்டத்தினர் கேள்விகளை எழுதி உறையிலிட்டு ஒட்டித் தருவர். ஆரூடக்காரர் முதல் உறையை நெற்றியிலே வைத்து ஒரு கேள்வியைச் சொல்வார். 'ஆம், என் கேள்விதான்!' என்று கூட்டத்திலிருந்து ஒருவர் வியந்து எழுவார். அவர் கையாள்! சரிபார்ப்பதுபோல உறையைப் பிரித்து ஆரூடக்காரர் பார்ப்பாரே, அப்போது அவர் படிப்பது கையாளின் கேள்வியையன்று. வேறொருவருடைய மெய்யான கேள்வியை. அடுத்த உறையை நெற்றியில் வைத்துக்கொண்டு, முன்பு படித்ததை இப்போது சொல்வார். இப்படி எப்போதும் ஓர் உறை முன்னாலேயே போய்க்கொண்டிருப்பார். கண்ணீர் விட்டவர் எத்தனை பேர், காசு தந்தவர் எத்தனை பேர்! அதே உறையைக் கார்சன் நெற்றியிலே வைத்தபோது மக்கள் சிரித்தனர்.

இத்தகைய மனிதரின் மேடைக்குத்தான் கெல்லர் வந்தார்.

வந்த வேளையிலே கெல்லரின் புகழ் உச்சியிலே இருந்தது. கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் இயற்பியலார் இருவர் அவரை ஆராய்ந்திருந்தனர். அடைத்த அறைக்குள் இருந்தபடி வெளியே வரைந்த படங்களை அவர் வரைந்து காட்டினார் என்ற அவர்களுடைய கட்டுரை 1974 அக்டோபரில் 'நேச்சர்' என்னும் புகழ்மிக்க அறிவியல் ஏட்டிலே வெளிவந்தது. ஏட்டின் ஆசிரியர்கள் தங்கள் ஐயப்பாடுகளையும் சேர்த்து அச்சிட்டே அதை வெளியிட்டனர் என்பது தனிச் செய்தி. இயற்பியலார் மடமை மிக்கவரா? அல்லர். ஆனால் அவர்கள் நாள்தோறும் ஆராயும் அணு அவர்களை ஏமாற்ற எண்ணுவதில்லை. காந்தம் கையாளை வைத்துக்கொள்வதில்லை. தராசு பேச்சுக் கொடுத்துக் கவனத்தைத் திருப்புவதில்லை. மனிதன் அதையெல்லாம் செய்வான். அதைக் கண்டுபிடிக்கும் கலை வேறு. ஹூடினி என்னும் வித்தைக்காரர் 1920களிலே ஆவி பேசுவோரின் இருட்டறைகளுக்குள் நுழைந்து காட்டியது அந்தக் கலையைத்தான்.

கெல்லர் தம் ஆற்றல் மெய் என்றார். கனடாவிலே பிறந்த ஜேம்ஸ் ராண்டி என்ற வித்தைக்காரர், இவையெல்லாம் நாங்கள் செய்யும் செப்படி வித்தைகளே என்றார். கார்சனின் குழுவினர் ராண்டியிடம் ஆலோசனை கேட்டனர். அவர் தந்தது பெரிய தத்துவமன்று: கரண்டியும் சாவியும் உங்களுடையவையாக இருக்கட்டும், நிகழ்ச்சிக்கு முன்பு கெல்லரோ அவருடைய ஆட்களோ அவற்றின் அருகே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்! அவ்வளவே. அந்தச் சிறு காவலின் முன்னே மாபெரும் ஆற்றல் மயங்கிச் சாய்ந்தது. கார்சன் குற்றம் சாட்டவில்லை, வழக்காடவில்லை. தட்டை முன்னே வைத்தார், காத்திருந்தார்.

பிறகு? கெல்லர் தம் வாழ்வு முடிந்ததென்றே கலங்கி விடுதிக்குத் திரும்பியதாகப் பின்னாளில் அவரே கூறியிருக்கிறார். ஆனால் மறுநாளே இன்னொரு புகழ்பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியிலிருந்து அழைப்பு வந்தது! ஏன்? நம்பியவர்களின் வாதத்தைக் கேளுங்கள்: 'வித்தைக்காரன் என்றால் எந்நாளும் வெற்றி பெறுவான், இவர் தோற்றாரே, ஆகவே இவர் ஆற்றல் மெய்!' வளைந்தால் அற்புதம்; வளையாவிட்டால் அதைவிடப் பெரிய அற்புதம். இந்த வாதத்தைக் கேட்டு நான் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அச்சமாக இருந்தது.

அதே 1973இன் இறுதியிலே நடந்ததையும் சொல்லியாகவேண்டும். இல்லையேல் கார்சனை நான் தெய்வமாக்கிவிட்டதாகத் தோழர் குறை கூறுவார். விஸ்கான்சின் மாநிலத்துச் சட்டமன்ற உறுப்பினரல்லர், நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர், கழிப்பறைக் காகிதத்துக்குத் தட்டுப்பாடு வரக்கூடும் என்று அறிக்கை விட்டிருந்தார். எண்ணெய் நெருக்கடி நாட்டை உலுக்கிய காலம். டிசம்பர் 19 அன்று கார்சன் அதை வைத்து ஒரு துணுக்கு உதிர்த்தார். மறுநாள் மக்கள் கடைகளுக்கு ஓடினர்; அள்ளி அள்ளி வாங்கினர்; அலமாரிகள் காலியாயின; காலியான அலமாரியைக் கண்டவர்கள் தட்டுப்பாடு உண்மைதான் என்று மேலும் ஓடினர். கார்சன் மேடையிலே விளக்கம் கூறி வருந்தவேண்டியதாயிற்று. கண்ணெதிரே வளையாத கரண்டியைக் கண்டும் நம்பிக்கையை விடாத அதே நாட்டு மக்கள், இல்லாத பஞ்சத்தைச் சிரிப்புக்காகச் சொன்னதும் நம்பினர். ஆகஸ்டிலே ஒன்று, டிசம்பரிலே ஒன்று.

இனி 1986.

பீட்டர் பாபாஃப் என்ற நோய் தீர்க்கும் பிரசங்கியார் அமெரிக்க நகரங்களிலே பெருங்கூட்டம் கூட்டிக்கொண்டிருந்தார். ஆயிரக்கணக்கானோர் நடுவே ஒருவரைச் சுட்டி அழைப்பார், பெயரைச் சொல்வார், தெருவைச் சொல்வார், வீட்டு எண்ணைச் சொல்வார், நோயைச் சொல்வார். ஆண்டவன் காதிலே ஓதுகிறான் என்று மக்கள் மெய்சிலிர்த்தனர். காதிலே ஏதோ ஓதப்பட்டது உண்மைதான்! ராண்டியும் நண்பர்களும் வானொலி அலைகளைத் துழாவும் கருவியோடு சான் பிரான்சிஸ்கோ கூட்டத்துக்குச் சென்றனர். 39.17 மெகாஹெர்ட்ஸ் அலையிலே அருள்வாக்கு அகப்பட்டது, பெண்குரல்! பிரசங்கியாரின் மனைவியார் வெளியே அமர்ந்து, கூட்டத்தினர் முன்னதாக எழுதித் தந்த வேண்டுதல் சீட்டுகளைப் பார்த்துப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தார். காதுக்குள் செருகியிருந்த சிறு கருவி வழியே கணவர் கேட்டுக்கொண்டிருந்தார். நோய் தீர்க்க வந்தவர் காதிலே கருவி மாட்டியிருப்பானேன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இதைவிட வேடிக்கை ஒன்றுண்டு. ராண்டியின் தோழர் ஒருவர், ஆண்மகன், பெண் வேடமிட்டுக் கூட்டத்திலே அமர்ந்தார். பாபாஃப் அவரை அழைத்துக் கருப்பைப் புற்றுநோயைக் குணப்படுத்தி அனுப்பினார்! எத்தனை முறை நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு அடங்குவதில்லை.

ஆனால் அடங்கவேண்டிய இடமும் அங்கேயே இருக்கிறது. நம்பிக்கைக்கு அடையாளமாக மருந்துகளை மேடையிலே வீசியெறியச் சொன்னார் அவர், வீசினார்கள். நீரிழிவு நோயாளியின் மருந்து, இதய நோயாளியின் மாத்திரை, நாளை காலை உயிரைப் பிடித்து நிறுத்தவேண்டிய மருந்து! அரங்கத்துக்கு நடந்து வந்த முதியோரைச் சக்கர நாற்காலியிலே அமர்த்தி வைத்து, பிறகு எழுந்து நடக்கச் செய்து, முடவர் நடந்தார் என்று ஆர்ப்பரித்தனர். உண்மையாகவே சக்கர நாற்காலியிலே வாழ்ந்தவர்கள் ஒதுக்குப்புறத்திலே கிடந்தனர். அவர்கள் பக்கம் அருள் திரும்பவில்லை.

ராண்டி அந்த ஒலிப்பதிவை எங்கே கொண்டுபோனார்? கார்சனின் மேடைக்கு! 1986 ஏப்ரலிலே, காட்சியைக் காட்டி, மனைவியார் குரலையும் அதன் மேலே ஏற்றி ஒலிக்கச் செய்தார். அங்கே பெண்குரல் பெயரை ஓதுகிறது. இங்கே பிரசங்கியார் வாய் அதையே முழங்குகிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக எதற்கும் சளைக்காமல் பதிலடி கொடுத்துப் பழகிய கார்சன் முகத்திலே அப்போது சிரிப்பில்லை, திகைப்பே இருந்தது. ஆலயத்தைப் பற்றிய ஒரு சிறு கதை புண்படுத்திவிடும் என்று 1960இல் வெட்டிய நிறுவனத்தின் மேடை இது என்பதை மறந்துவிடாதீர்கள். முதலிலே மறுத்த பாபாஃப் தரப்பினர் பிறகு கருவியை ஒப்புக்கொண்டனர். 1987இலே அவர் திவால் மனு அளித்தார்.

கல்லூரி மண்டபத்திலே நூறு பேர் முன்னே ராண்டி இதைப் போட்டுக் காட்டியிருந்தால் நூறு பேர் கைதட்டியிருப்பர். அவர்களும் முன்னமே நம்பாதவர்களாக இருந்திருப்பர். உறங்கப் போகுமுன் சிரிக்கலாம் என்று அமர்ந்திருந்த கோடிக்கணக்கானோர் வீட்டுக்குள், பிரசாரம் என்ற பெயரே இல்லாமல், அந்தக் குரல் சென்றது. வெள்ளை அறிக்கைக்குக் கதவைச் சாத்துபவர் வேடிக்கைக்குத் திறந்து வைத்திருந்தனர். தோழருக்கு நான் சொல்ல நினைத்த விடை இதுதான்.

வழி அத்தோடு அடைபடவில்லை. 2015 ஆகஸ்ட் 16 அன்று ஜான் ஆலிவர் என்ற நகைச்சுவையாளர், இங்கிலாந்திலே பிறந்து அமெரிக்காவிலே நிகழ்ச்சி நடத்துபவர், தொலைக்காட்சிப் பிரசங்கிகளை எடுத்துக்கொண்டார். அந்த ஆண்டிலேதான் ஒரு பிரசங்கியார் 65 மில்லியன் டாலர் விமானம் வாங்க அடியார்களிடம் காணிக்கை கேட்டிருந்தார்; அவர் குடும்பப் பெயரே டாலர்! நான் இட்டுக்கட்டவில்லை. ஆலிவர் வேறொரு பிரசங்கியாருக்கு 20 டாலர் அனுப்பி, என்ன நடக்கிறதென்று மாதக்கணக்கிலே பார்த்தார். கடிதத்தின்மேல் கடிதம் வந்தது. ஒன்றிலே எண்ணெய்ப் பொட்டலம். ஒன்றிலே பாதத்தை வரைந்து அனுப்பும்படி கட்டளை. எல்லாவற்றிலும் பணம் கேட்கும் வரி. 319 டாலர் கொடுத்து 26 கடிதங்கள் பெற்றார் அந்தப் 'பக்தர்'. கடிதம் எழுதுவோருக்கு ஒப்பனை தேவையில்லை. அவற்றை வரிசையாகப் படித்ததே போதிய நகைச்சுவையாயிற்று.

பிறகு, வரிவிலக்குப் பெற்ற சபையை நிறுவுவது எத்துணை எளிது என்பதைக் காட்ட, தாமே ஒன்றை நிறுவினார். 'நிரந்தர வரிவிலக்கு மாதா' என்று பொருள்படும் பெயர்! காணிக்கை கேட்டார், வந்து குவிந்தது. 'விதையாகப் பணத்தை ஊன்றுங்கள், பன்மடங்காய் விளையும்' என்பது அந்தப் பிரசங்கிகளின் வழக்கமான பேச்சு. ஆகவே மெய்யான விதைகளையும் மூட்டையாகக் கட்டிச் சிலர் அனுப்பிவைத்தனர். அடுத்த திங்களே சபையை மூடிவிட்டு, வந்த பணத்தை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு அளித்தார். அந்தத் துணுக்கை இன்றும் யூடியூபிலே மக்கள் பார்க்கிறார்கள். நள்ளிரவு வரை விழித்திருக்க வேண்டியதில்லை. பேருந்துக்குக் காத்திருக்கையிலே பார்க்கலாம்.

ராண்டி 2020இலே மறைந்தார். மேதைகளுக்கு வழங்கும் மெக்ஆர்தர் நல்கை, 272,000 டாலர், பாபாஃபை அம்பலப்படுத்திய அதே 1986இலே அவருக்குக் கிட்டியது. மீயாற்றல் எதையேனும் சோதனையிலே காட்டுவோருக்குத் தருவதாக 1964இலே அவர் அறிவித்த 1,000 டாலர் பரிசு, பின்னர் பத்து இலட்சம் டாலராக வளர்ந்தது. இலங்கையிலே ஆபிரகாம் கோவூர் விடுத்த ஒரு இலட்சம் ரூபாய் அறைகூவலை நம்மவர் அறிவர். அதற்கு நேர்ந்த கதிதான் இதற்கும். 2015இலே முடித்துக்கொள்ளும்வரை எவரும் வெல்லவில்லை.

பாபாஃப்? அவர் திரும்பி வந்தார். 1990களின் இறுதியிலிருந்து மீண்டும் தொலைக்காட்சியிலே தோன்றினார். நள்ளிரவு நேரத்தை விலைக்கு வாங்கித் தோன்றினார். சிறு பையிலே 'அற்புத ஊற்று நீர்'. விலையில்லை, எழுதிக் கேட்டால் போதும். நீர் வரும், அதன் பின்னே கடிதம் வரும், கடிதத்தின் பின்னே இன்னொரு கடிதம் வரும்.

கடிந்துகொண்ட தோழருக்கு 1986ஆம் ஆண்டுத் துணுக்கைப் போட்டுக் காட்டினேன். காதுக் கருவியைக் கண்டதும் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார்: "மருந்தை மேடையிலே வீசினார்களே, அவர்கள் வீட்டிலே அன்றிரவு கார்சனைப் பார்த்திருப்பார்களா?"

என்னிடம் மறுமொழி இல்லை. மீண்டும் ஒருமுறை ஓடவிட்டோம். இம்முறை இருவரும் பிரசங்கியாரைப் பார்க்கவில்லை. அவர் பெயர் சொல்லி அழைத்ததும் எழுந்து நின்று அழுத அந்த மக்களையே பார்த்துக்கொண்டிருந்தோம்.